ஓடைமீனின் வரவு செலவு

தீர்த்தன் ஆற்றின் நடைபாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மீனை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இமாச்சலப் பிரதேசம், குஷைனி கிராமத்துக்குச் சற்று மேலே, 1,500 மீட்டருக்கும் அதிகமான உயரம். ஏப்ரல் மாதக் காலை. எங்கள் கூடாரத்துக்கு நேர் எதிரேதான் பாலம். கீழே ஆட்டுக்கல் அளவில் ஒரு பாறை, அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி ஒரு பிரவுன் ட்ரவுட். பாறையின் இரண்டு பக்கமும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்கிறது. மீன் இருந்த இடத்தில் மட்டும் ஓட்டம் தயங்கி நிற்கிறது. வால் லேசாக அசைகிறதே தவிர மீன் இடம் மாறவில்லை. நிமிடத்துக்கு மூன்று நான்கு தடவை ஒரு சாண் விலகும், வாயைத் திறந்து மூடும், பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

பிறகு நான் தூண்டில்கோலை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். மீனைக் காணோம்.

எங்களோடு வந்த உள்ளூர்க்காரர் சின்ன வயதிலிருந்தே இந்த ஆற்றில் தூண்டில் போடுகிறவர். அவர் சிரிக்கவில்லை. "மச்லீ ஹிசாப் ஜான்தீ ஹை" என்று மட்டும் சொன்னார். மீனுக்குக் கணக்குத் தெரியும்! இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வாக்கியம் எவ்வளவு சரி என்று எனக்கு உறைத்தது.

கணக்கின் செலவுப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஓடும் தண்ணீரில் ஒரே இடத்தில் நிற்பதற்கு மீன் ஓட்டத்தின் வேகத்துக்கு ஈடாக எதிர்த்து நீந்த வேண்டும். நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாகக் கூடும், அதைச் சமாளிக்கும் திறன் ஏறக்குறைய மும்மடியாகக் கூடும். திருப்பிச் சொன்னால், ஓட்டம் பாதி வேகமுள்ள இடத்துக்கு மீன் நகர்ந்துவிட்டால் அதன் செலவு எட்டில் ஒன்றாகிவிடும். பாறைக்குப் பின்னால் மீன் நிற்பது ஒளிந்துகொள்ள மட்டும் இல்லை, இந்தச் சிக்கனத்துக்காகவும்தான்.

அந்தச் சிக்கனம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பாறையைச் சுற்றி வரும் நீர் அதன் பின்னால் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போகும். 2003-ல் ஜேம்ஸ் லியாவோவும் குழுவினரும் அப்படிப்பட்ட சுழல்களுக்கு நடுவே ரெயின்போ ட்ரவுட்டை நீந்தவிட்டு, அதன் தசைகளில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். மீன் சுழல்களுக்கு இடையே வளைந்து வளைந்து நீந்தியது, தசைகளோ பெரும்பாலும் சும்மா இருந்தன. அடுத்து 2006-ல் வெளியான சோதனை இன்னும் விசித்திரம். செத்த ட்ரவுட்டை அதே சுழல்களில் விட்டார்கள். உடல் சுழல்களுக்கு இசைந்து நெளிந்தது, நெளிந்து நெளிந்து ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நகர்ந்தது. செத்த மீன் ஆற்றோடு போகும் என்பார்கள். சரியான பாறை வாய்த்தால் எதிர்நீச்சலும் போடும்.

வரவுப் பக்கம் வேறு மாதிரி. பாறையின் இருபுறமும் பாயும் வேகமான நீர்தான் சாப்பாட்டைக் கொண்டுவருகிறது. மேலே எங்கோ கல்லிலிருந்து வழுக்கி விழுந்த புழு, இறகு விரித்த பூச்சி, கரைப் புல்லிலிருந்து தவறி விழுந்த எறும்பு எல்லாம் அந்த ஓட்டத்தில்தான் வரும். மெதுவான நீரில் நின்றுகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் வேகமான நீரை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சந்திக்கும் அந்த ஓரம்தான் ஆற்றில் விலைமதிப்பான மனை. பென்சில்வேனியாவின் ஸ்ப்ரூஸ் க்ரீக் என்ற ஓடையில் ராபர்ட் பாக்மேன் மூன்று ஆண்டுகள் பிரவுன் ட்ரவுட்டுகளைக் கவனித்து 1984-ல் எழுதிய ஆய்வு இத்துறையில் பெயர்பெற்றது. காட்டு மீன்கள் நாள் முழுக்க ஒரு சில இடங்களிலேயே நின்று மேய்ந்தன. பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன்களோ வீணாக அலைந்தன, குறைவாகத் தின்றன, சக்தியை அதிகம் செலவழித்தன. இரை தானாக வந்து விழுந்த தொட்டியில் வளர்ந்தவற்றுக்குக் கணக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ட்ரவுட் ஏன் மலை ஓடையைத் தேடுகிறது என்பதும் இதே பேரேட்டில் இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஆக்சிஜனை அதிகம் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கொள்ளும், 30 டிகிரியில் அது ஏழரைதான். சூடு ஏற ஏற மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனும் ஏறும். பிரவுன் ட்ரவுட் 13 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும், 25-ஐ நெருங்கினால் உயிருக்குப் போராடும். அன்று காலை சமையல் வெப்பமானியை ஆற்றில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது டிகிரி. என் விரல்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மீனுக்குக் குறையில்லை.

அடுத்தது அந்த இரண்டு எட்டு. மீன் எப்படித் தெரிந்துகொண்டது?

என் பேச்சுக்குரல் காரணமில்லை. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டதும் அதன் ஆற்றலில் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். கனத்த காலணியோடு கூழாங்கல் மேல் நடந்தால் வேறு கதை. அந்த அதிர்வு தரை வழியாகவே தண்ணீருக்குள் போகும், மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக்கோடு அதைப் பிடித்துவிடும்.

அதைவிடப் பெரிய காரணம், அது என்னைப் பார்த்துவிட்டது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் முழுவதும் தெரியும், ஆனால் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் மட்டும். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், அடிவானத்திலிருந்து அடிவானம் வரையிலான 180 பாகைக் காட்சியும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கிவிடுகிறது. மீன் அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால் நீர்ப்பரப்பில் அந்த வட்ட ஜன்னலின் குறுக்களவு 113 சென்டிமீட்டர். ஒரு சாண் ஆழத்துக்கு ஏறி வந்தால் ஜன்னல் ஏறக்குறைய அரை மீட்டராகச் சுருங்கிவிடும், அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல ஆற்றின் அடிப்பக்கத்தையே திருப்பிக் காட்டும்.

தூண்டில்காரருக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. ஜன்னலின் விளிம்பில் காட்சி நசுங்கி மங்கிவிடுகிறது. நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக்குள் இருக்கும் எதுவும் மீனுக்குச் சரியாகத் தெரியாது. பத்து மீட்டர் தள்ளி, நீர்மட்டத்தில் நிற்கும் 1.7 மீட்டர் உயர ஆள் அந்த 10 பாகைக்குள் அடங்கிவிடுவார். அதே ஆள் ஐந்து மீட்டருக்கு வந்தால் தலையும் தோளும் ஜன்னலுக்குள் நுழைந்துவிடும். நான் நின்றதோ மேட்டுக்கரை, தலையில் வெள்ளைத் தொப்பி வேறு. மறுநாள் அந்த உள்ளூர்க்காரர் ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்கமிருந்து, மீனின் முதுகுக்குப் பின்னால், முழங்காலில் தவழ்ந்து போனதைப் பார்த்தபோது இந்தக் கணக்கை அவர் உடம்பில் வைத்திருந்தது புரிந்தது. மீன் எப்போதும் ஓட்டம் வரும் திசையைப் பார்த்தபடிதான் நிற்கும். பின்னால் இருப்பது அதற்குத் தெரியாத குறுகிய மூலை.

மாலையில் ஆற்றின் மேல் பூச்சிகள் எழுந்தன. நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, அதுபோல. இவை கிளம்புவது தண்ணீரிலிருந்து. ஆங்கிலத்தில் மேஃப்ளை என்று பெயர், ஈசலுக்கு உறவில்லை. நீருக்கடியில் கல்லில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில், சில இனங்கள் ஓராண்டுக்கு மேலும், பாசியைச் சுரண்டித் தின்று வளரும். பிறகு ஒருநாள் மேலே மிதந்து வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலைக் கிழித்துக்கொண்டு இறகோடு வெளியே வரும். வந்தபின் அதற்குச் சாப்பிட வாய் கிடையாது. சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள், அதற்குள் இணைசேர்ந்து முட்டையிட்டுச் செத்துவிடும். இறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான்.

ட்ரவுட்டுக்கு முக்கியமான நேரம், பூச்சி நீர்ப்பரப்பின் தோலைக் கிழிக்கத் திணறும் அந்தச் சில விநாடிகள். சின்னப் பூச்சிக்கு நீரின் பரப்பு இழுவிசை பெரிய தடை. பாதி உடல் வெளியே, பாதி உள்ளே என்று சிக்கிக்கொண்டிருக்கும். தப்பிக்க முடியாத இரை, துரத்த வேண்டிய செலவில்லை. ஒரே வகைப் பூச்சி ஆயிரக்கணக்கில் வரும்போது மீன் அந்த அளவையும் வடிவத்தையும் மட்டும் பழகிக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவதும் சிக்கனம்தான். அன்று மாலை என் எதிரே மீன்கள் வட்டம் வட்டமாக நீரை உடைத்துக்கொண்டிருந்தன. நான் கட்டியிருந்த ஃப்ளை, அதாவது முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சி, அவற்றின் மூக்குக்கு மேலேயே மிதந்து போனது. ஒன்றும் தொடவில்லை. என்னுடையது 12-ஆம் எண் முள், வந்துகொண்டிருந்த பூச்சி 18-க்கு மேல் இராது. தூண்டில்முள் கணக்கில் எண் கூடக்கூட முள் சிறுக்கும், தெரியாதவர்கள் கடையில் ஏமாறுவார்கள்.

உயிர்ப்பூச்சியையே கோத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இதற்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதிவைத்திருக்கிறார் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர். மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில் புள்ளிபோட்ட மீன்களைப் பிடிப்பவர்களைப் பற்றிச் சொல்கிறார். ஆற்றின் மேல் பறக்கும் பூச்சியை மனிதக் கை தொட்டால் நிறம் போய்விடும், இறகு வாடிவிடும், மீன் சீந்தாது. ஆகவே அவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழிருந்து எடுத்த இரண்டு இறகுகளை வைத்துக் கட்டினார்கள். கோலும் நூலும் ஆறடிதான். இன்றைய ஃப்ளையும் அடிப்படையில் அதே சேவலிறகுதான். விறைப்பான இறகிழைகள் முள்ளைச் சுற்றிச் சிலிர்த்து நின்று, நீர்ப்பரப்பைக் கிழிக்காமல் அதன் மேல் முள்ளைத் தாங்கும்.

இந்த இறகு விஷயத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். செயற்கைப் பூச்சிக்கும் குஞ்சுமீன் வடிவத்துக்கும் 'கண்' வைக்க அதைவிடச் சிறந்த பொருள் இல்லை என்று ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் கண்டுகொண்டார்கள். நெடுங்காலம் காட்டுக்கோழிக் கழுத்துத்தோல்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. இன்று அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது.

வீசுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, என் மானம் போனது அங்கேதான். குளத்தில் மண்புழு கோத்துப் போடும் தூண்டிலில் ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட எடை இராது. அதை எறிய முடியாது, ஊதினால் பறக்கும். எனவே எடையை நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல், ட்ரவுட்டுக்கு வழக்கமான ஐந்தாம் எண் நூலில் முதல் 30 அடிக்கு 9 கிராம். எறியப்படுவது நூல். ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும் பயணி.

கோலைப் பின்னால் வீசி நிறுத்தினால் நூல் தலைக்கு மேல் பின்னோக்கி விரியும். முழுதும் விரிந்ததும் முன்னால் வீசி மறுபடி சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் வித்தை இருக்கிறது. நூல் கொண்டை ஊசிபோல மடிந்து, மேல்பாதி ஓடவும் கீழ்பாதி நிற்கவும் செய்யும். ஓடும் பாதி நொடிக்கு நொடி குறுகும், எடை குறையும், இருந்த ஆற்றல் குறைந்த எடையில் சேர்வதால் வேகம் குறையாமல் நுனிவரை போகும். மாட்டுவண்டிக்காரரின் சாட்டையும் இதே தத்துவத்தில்தான் 'படார்' என்கிறது. சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டுகிறது. தூண்டிலில் அந்தச் சத்தம் கேட்டால் ஃப்ளை அறுந்துபோயிற்று என்று பொருள். பின்வீச்சு விரிவதற்குள் அவசரப்பட்டு முன்னால் இழுத்தேன், கேட்டது. ஒரு காலையில் நான்கு ஃப்ளைகள். ஐந்தாவது ஆல்டர் மரத்தில் தொங்குகிறது, இன்னும் இருக்கும்.

நுனியில் சாட்டை வேகம் வேண்டாம் என்பதால் நூலின் முனையில் ஒன்பதடி நரம்பு ஒன்றைக் கட்டுவார்கள். தடிமனில் தொடங்கி 0.15 மில்லிமீட்டர் வரை மெலிந்துகொண்டே போகும். கடைசி ஆற்றலைக் காற்று விழுங்கிவிட, ஃப்ளை பூச்சி இறங்குவதுபோல இறங்கும். இறங்க வேண்டும்.

இறங்கினாலும் வேலை முடியாது. எனக்கும் மீனுக்கும் நடுவே வேகமான ஓட்டம், மீன் நிற்பதோ மெதுவான ஓரம். நடுவிலிருக்கும் நூலை ஆறு இழுத்துக்கொண்டு போகும், ஃப்ளை அதன் பின்னால் கோடு கிழித்தபடி ஓடும். எந்தப் பூச்சியும் ஆற்றில் அப்படிக் கோடு கிழித்து ஓடாது. மீன் நிராகரிக்க இது ஒன்றே போதும். அதனால் நூல் நீரில் பட்ட உடனே கோல்நுனியால் அதைத் தூக்கி, ஓட்டம் வரும் பக்கமாக ஒரு வளைவு போட்டுவிட வேண்டும். அந்த வளைவு நிமிரும் வரை ஃப்ளைக்கு விடுதலை. நாலைந்து விநாடி கிடைக்கும்.

இரண்டாம் நாள் மாலை, 18-ஆம் எண் முள், முழங்காலில் நின்று போட்ட ஏதோ ஒரு வீச்சு. ஒரு வட்டம் எழுந்தது. கோல் துடித்தது. கைக்கு வந்தபோது ஒன்றேகால் சாண் நீளம் இருந்தது. வயிறு வெண்ணெய் நிறம், விலாவில் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே வெளிறிய வளையம் போட்ட சிவப்புப் புள்ளிகள். இமயமலையே மீன் உருவில் வந்ததுபோல இருந்தது.

உண்மையில் அது இமயமலை மீனே இல்லை. பிரவுன் ட்ரவுட்டின் பூர்வீகம் ஐரோப்பாவும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும். காஷ்மீருக்குப் பிரிட்டனிலிருந்து அனுப்பிய முதல் தொகுதி முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909-ல் ட்ரவுட் குல்லுப் பக்கம் வந்தது. கப்பலிலும் மலைப்பாதையிலும் முட்டை எப்படித் தாங்கியது என்றால் அதுவும் வெப்பக் கணக்குதான். 10 டிகிரியில் சுமார் 40 நாளில் பொரியும் முட்டை, 5 டிகிரியில் அதைப்போல் இரு மடங்கு நாள் எடுத்துக்கொள்ளும். பனிக்கட்டியில் வைத்தால் பயணத்துக்கு அவகாசம் கிடைக்கும். நீலகிரிக்கு 1860-களில் ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றவர், இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய ஃபிரான்சிஸ் டே. 1900-களின் முதல் பத்தாண்டில் ஹெச்.சி.வில்சன் அதைச் சாதித்தார். நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை தள்ளிய வெப்பமண்டலத்தில், உயரம் தரும் குளிரை மட்டும் நம்பி ரெயின்போ ட்ரவுட் அவலாஞ்சி ஓடைகளில் நிலைத்தது.

துரைமார்களின் பொழுதுபோக்குக்காக வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டது. பிரவுன் ட்ரவுட், ரெயின்போ ட்ரவுட் இரண்டுமே ஐ.யு.சி.என். வெளியிட்ட உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கின்றன. இமயமலை ஓடைகளின் சொந்த மீனான ஸ்னோ ட்ரவுட், பெயரில் மட்டும்தான் ட்ரவுட், அது கெண்டைக் குடும்பம். அதன் குஞ்சுகளைத் தின்றும் இடத்தைப் பிடித்தும் வந்த மீன் வளர்கிறது. நான் ரசித்த அந்தச் சிக்கனக் கணக்கு அண்டை வீட்டைக் காலிசெய்யவும் உதவியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் எனக்கு அந்த மீன் அழகாகத்தான் இருந்தது. புதிய ஓடைகளில் இனி ட்ரவுட்டை விடக் கூடாது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மீன் முட்டையிடும் காலம், தூண்டிலுக்குத் தடை. மற்ற மாதங்களில் மீன்வளத்துறை உரிமச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்ததைத் திரும்ப விடுவதானால் முள்நுனியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். வெளியே தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். காற்றில் செவுளிழைகள் ஈரத்தாள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், களைக்கக் களைக்க நீந்தவைத்த ரெயின்போ ட்ரவுட்டுகளில் நீரிலேயே இருந்தவை 12 மணி நேரத்துக்குள் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவை 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவை 72 சதவீதம்.